எடையில்லாத இடத்தில் எலும்பு ஏன் கரைகிறது? சுனிதா வில்லியம்ஸ் பயணம் சொல்லும் பாடம்

எட்டு நாள் வேலைக்காக 2024 ஜூன் 5-ம் தேதி விண்வெளிக்குக் கிளம்பிய சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும், 286 நாட்கள் கழித்து 2025 மார்ச் 19 அதிகாலை (இந்திய நேரப்படி) ஃப்ளோரிடா அருகே கடலில் இறங்கினர். இருவரையும் ஸ்ட்ரெச்சரில்தான் கொண்டு போனார்கள். நீண்ட காலம் விண்வெளியில் இருந்து திரும்புவோருக்கு இது வழக்கமான நடைமுறைதான். தலைசுற்றல், தசைத் தளர்ச்சி எல்லாம் உடனே தெரிந்துவிடும். வெளியே தெரியாத இழப்பு எலும்பில் இருக்கிறது.

எவ்வளவு குறைகிறது?

விண்வெளியில், உடல் எடையைத் தாங்கும் எலும்புகள் மாதத்துக்குச் சராசரியாக 1 முதல் 1.5 சதவீதம் அடர்த்தியை இழப்பதாக நாசா சொல்கிறது. பூமியில் வயதானவர்கள் ஏறக்குறைய ஓராண்டில் இழக்கும் அளவு இது.

சாப்பாட்டில் கால்சியம் இருந்தும் ஏன்?

எலும்பை ஒருமுறை போட்ட கான்கிரீட் தூண் மாதிரி நினைக்கிறோம். உண்மையில் அது எப்போதும் மராமத்து நடக்கும் உயிருள்ள திசு. ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் பழைய எலும்பை அரித்து எடுக்கும். ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் அந்தப் பள்ளத்தில் புது எலும்பைக் கட்டும். பெரியவர்களின் எலும்பில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

இந்த வேலைக்கு மேஸ்திரி, எலும்புக்குள்ளேயே புதைந்திருக்கும் ஆஸ்டியோசைட் செல்கள். நடக்கும்போதும் குதிக்கும்போதும் எலும்பில் விழும் அழுத்தத்தை இவை உணர்கின்றன. அழுத்தம் குறைந்தால் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை அதிகம் வெளியிடுகின்றன. அது கட்டுமானத்தைத் தடுக்கிறது. ஆனால் இடிப்பது நிற்பதில்லை. கால்சியம் என்பது செங்கல் மட்டும்தான். வேலைக்கு உத்தரவு தருவது அழுத்தம். கரைந்த கால்சியம் சிறுநீரில் வெளியேறுவதால், விண்வெளி வீரர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் ஆபத்தும் கூடுகிறது.

திரும்பி வந்தால் சரியாகிவிடுமா?

அங்கே தினமும் சுமார் 2 மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள். இழப்பு குறைகிறது, முழுசாக நிற்பதில்லை. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், 17 வீரர்களில் 9 பேருக்குப் பூமிக்கு வந்து ஓராண்டு ஆன பிறகும் கீழ்க்கால் எலும்பின் அடர்த்தி பழைய நிலைக்கு வரவில்லை. வேகமாகப் போவது மெதுவாகத்தான் திரும்புகிறது.

நமக்கு என்ன?

மாதக்கணக்கில் படுக்கையில் இருப்பவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பது அந்த அளவுக்கு மோசமில்லை என்றாலும், எலும்புக்குக் கிடைக்கும் வேலை குறைவுதான். எலும்பின் இருப்பு ஏறக்குறைய 30 வயதுக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். அதன்பிறகு மெல்லக் குறையும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இன்னும் வேகமாக. இருபதுகளில் சேர்க்காததைப் பின்னால் மாத்திரை மட்டும் ஈடுகட்டாது.

நீச்சலும் சைக்கிளும் இதயத்துக்கு நல்லது. எலும்புக்கோ படியேறுவது, ஸ்கிப்பிங், எடை தூக்குவதுதான் அதிகம் உதவும். லிஃப்ட்டை விட்டுப் படியேறினால் அதுவே நல்ல தொடக்கம்.