ரெய்டு இருக்கு, பயமில்லையாம்!

மக்களே, ரொம்ப நாளா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் வரலை. இன்னைக்கு வயித்தெரிச்சல்ல வந்திருக்கேன்.

பல்லடத்துல ரெய்டுன்னா முதலாளிகளுக்கு இன்கம்டாக்ஸ்தான் ஞாபகம் வரும். நான் சொல்றது சர்வர்ல போடுற ரெய்டு. நாலஞ்சு ஹார்ட் டிஸ்க்கை ஒண்ணாக் கட்டி, ஒண்ணு செத்தாலும் மிச்சத்தை வெச்சு வண்டி ஓடற ஏற்பாடு.

போன மாசம் ஒரு பனியன் கம்பெனி. பேர் வேண்டாம். நாலு டிஸ்க், ரெய்டு 5. ஒண்ணு போனா தாங்கும், ரெண்டாவதும் போனா சங்குதான். முதல் டிஸ்க் எப்பவோ செத்திருக்கு. சர்வர் கீய் கீய்னு கத்தியிருக்கு. "சத்தம் தாங்கலீங்ணா, ஆஃப் பண்ணி விட்டுட்டேனுங்" என்றான் ஆபீஸ் பையன். அலர்ட் மெயில்? வேலையை விட்டுப் போனவரோட ஐடிக்கு ஒழுங்கா போயிட்டே இருந்திருக்கு. வெள்ளிக்கிழமை ரெண்டாவது டிஸ்க்கும் காலி. சனிக்கிழமை கூலி போடணும். பீஸ் ரேட் கணக்கு அத்தனையும் அதுக்குள்ள.

"ஏந்தம்பி, ரெய்டு இருக்குது, பயமில்லைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?" என்றார் முதலாளி.

ஆமா, நான்தான் சொன்னேன். அதனால முதல் திட்டு எனக்கே.

அதே கம்பெனியில நிட்டிங் மெஷின்ல ஒரு நூல் அறுந்தா போதும், லைட் எரிஞ்சு மெஷின் நின்னுடும். உற்பத்தி போகுதேன்னு ஆள் ஓடி வருவான். ரெய்டு நேரெதிர். டிஸ்க் செத்தாலும் நிக்காது, அதனால யாரும் ஓடி வர்றதும் இல்லை. பார்க்க ஆள் இல்லாத ரெய்டு, சாவைத் தள்ளிப்போடுற மெஷின். அவ்வளவுதான்.

"அதான் டிஸ்க்குக்குள்ளயே ஸ்மார்ட் இருக்கே, முன்னாடியே சொல்லிடுமே"ன்னு கிளம்பற பொட்டிதட்டி நண்பர்களுக்கு ஒரு சேதி. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ஞ்சு கூகுள்காரங்க 2007ல ஒரு கட்டுரை போட்டாங்க. முதல் ஸ்கேன் எரர் வந்த டிஸ்க், அடுத்த 60 நாள்ல சாகற வாய்ப்பு மத்ததை விட 39 மடங்கு அதிகம். ஆக, கண்காணிக்கணும். ஆனா செத்ததுல 36 சதவீதத்துக்கு மேல, சூட்டை விட்டுட்டுப் பார்த்தா, எந்த அறிகுறியும் காட்டாமலே போயிருக்கு. ஆக, கண்காணிச்சா மட்டும் பத்தாது. பேக்கப் வேணும், வேற இடத்துல வேணும்.

பெரிய இடத்துலயும் இதே கதைதான். 2025 செப்டம்பர்ல தென்கொரியாவுல டேஜான் அரசு டேட்டா சென்டர் தீப்பிடிச்சுது. அரசு ஊழியர்களோட ஜி-டிரைவ், 858 டெராபைட், சாம்பல். அளவு ரொம்பப் பெருசுன்னு வெளிய பேக்கப்பே எடுக்கலையாம்! 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர் பூட்டுச்சு. அடிபடாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததாலதான் இ-ஹாஸ்பிட்டல் டேட்டா திரும்பக் கிடைச்சுது.

நம்ம ஆளுங்க பேக்கப் எடுக்கிறதே அபூர்வம். எடுத்தாலும் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தவங்க எத்தனை பேர்? அலர்ட் யாருக்குப் போகுதுன்னு தெரிஞ்சவங்க எத்தனை பேர்? மனசைத் தொட்டுச் சொல்லுங்க.

அந்தச் சனிக்கிழமை கூலி எப்படிப் போட்டாங்க தெரியுமா? டெய்லர் அக்காங்க ஒவ்வொருத்தரும் ஜாக்கெட்டுக்குள்ள இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாங்க. அன்னன்னைக்கு எத்தனை பீஸ்னு தேதி போட்டு எழுதி வெச்சிருந்தாங்க. கம்பெனிக் கணக்கை நம்பாம எழுதினதாம். லட்ச ரூபா சர்வர் கைவிட்ட இடத்துல அந்தப் பத்து ரூபா நோட்டுதான் பேக்கப். இன்ஜினியரிங் படிச்ச எனக்குத் தோணாதது அவங்களுக்குத் தோணியிருக்கு.

டிஸ்கி: இதைப் படிச்சதும் உங்க டிஸ்க்கை ஒரு எட்டு போய்ப் பாருங்க. மஞ்ச லைட் எரிஞ்சா அது அழகுக்கு இல்லீங்.