கழுத்தில் புகுந்த புழுவும் காதில் ஓதும் ஷைத்தானும்

மனிதனின் உடலில் இரத்தம் ஓடும் இடமெல்லாம் ஷைத்தானும் ஓடுகிறான் என்ற கருத்துடைய நபிமொழியை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தோம். முந்தைய நாள் தன்னிலும் சிறியவன் ஒருவனை அடித்து உதட்டைக் கிழித்திருந்த மாணவன் எழுந்தான். "அப்படியானால் அடித்தது நானில்லையே, ஹஜ்ரத்? கோவாவுல்ட் புகுந்த ஆள் மாதிரிதானே நானும்?" என்றான். வகுப்பு சிரித்தது. நமக்கு மட்டும் விளங்கவில்லை.

விசாரித்தோம், சில அத்தியாயங்களைப் பார்க்கவும் செய்தோம். (ஆலிம்கள் இவற்றையெல்லாம் பார்க்கலாமா என்று வினவுவோருக்கு: மாணவன் எங்கிருந்து ஆதாரம் கொண்டுவருகிறானோ, அங்கே சென்று பார்ப்பதும் ஆசிரியரின் வேலைதான்.)

1997 முதல் 2007 வரை 10 பருவங்களாக ஒளிபரப்பான 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' என்னும் அறிவியல் புனைவுத் தொடரில் வரும் வேற்றுக்கோள் ஒட்டுண்ணியே கோவாவுல்ட். பாம்பையொத்த புழு. மனிதனின் பிடரி வழியே புகுந்து மூளைத்தண்டைச் சுற்றிக்கொள்ளும். அதன்பின் கண் ஒளிரும், குரல் தடிக்கும், கையும் காலும் நாவும் புழுவின் ஏவலுக்கு இயங்கும். உடலுக்குரிய மனிதன் உள்ளே விழித்தபடி கிடப்பான். விரலைக்கூட அசைக்க அவனால் இயலாது. ரா, அபோஃபிஸ் என்று பண்டைய எகிப்தின் பெயர்களைச் சூடிக்கொண்டு இப்புழுக்கள் தம்மைக் கடவுள் என்று அறிவிக்கின்றன. நானே உங்களின் மிக உயர்ந்த இறைவன் என்ற ஃபிர்அவ்னின் வாதத்தை (79:24) அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. குடியிருக்க அடுத்தவனின் கழுத்தைத் தேடும் கடவுள்!

ஆனால் மாணவனின் கேள்வி அதுவன்று. பொறுப்பு யாருடையது என்பதே கேள்வி. வியப்பு என்னவெனில், அத்தொடரே இதற்காக இரு வழக்குகளை நடத்திக் காட்டுகிறது.

முதலாவது, ஸ்காரா என்னும் இளைஞனின் வழக்கு. க்ளோரெல் என்ற புழு அவனுடலைப் பிடித்திருக்கிறது. டோலன் மக்களின் நீதிமன்றம், இருவரையும் மாறி மாறிப் பேசவைத்து, உடல் யாருக்கு உரியது என்று விசாரிக்கிறது. தீர்ப்பு ஸ்காராவின் பக்கம். நம் ஃபிக்ஹின்படியும் அவன் செயலுக்கு அவன் குற்றவாளியாகான். உறங்குபவன், சிறுவன், அறிவிழந்தவன் ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்பதே மார்க்கம். இவனோ விழித்திருந்தும் அசைய வழியற்றவன்.

இரண்டாவது வழக்கே நமக்குரியது. ஜஃபா என்ற இனத்தார் இப்புழுக்களின் குஞ்சுகளைத் தம் வயிற்றுப் பையில் சுமக்கும் போர்வீரர்கள். வயிற்றில் இருக்கும் புழு அவர்களுக்கு உடல்நலமும் நீண்ட ஆயுளும் தருகிறது. ஆனால் அறிவை ஆள்வதில்லை. அவர்களில் ஒருவனான டீல்க், தன் தலைவன் அபோஃபிஸின் கட்டளைப்படி முன்னொரு நாள் ஒரு கிராமத்தில் கால் ஊனமுற்ற மனிதரைக் கொன்றவன். பின்னாளில் அக்கிராமத்தில் கொல்லப்பட்டவரின் மகனே அவன்மீது வழக்குத் தொடுக்கிறான். கட்டளைக்குக் கீழ்ப்பட்டான் என்று வாதாட நண்பர்கள் துடிக்கிறார்கள். டீல்க்கோ, செய்தது நான்தான் என்று நிற்கிறான்.

இங்கே நம் ஃபுகஹாக்கள் டீல்க்கின் பக்கமே நிற்பார்கள். நிர்ப்பந்தத்தில் நாவால் குஃப்ரான சொல்லைச் சொன்னவரின் உள்ளம் ஈமானில் உறுதியாயிருந்தால் அவர்மீது குற்றமில்லை (16:106). ஆனால் உன்னைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டினாலும் நிரபராதியைக் கொல்ல அனுமதியில்லை. என் உயிர் அவனுயிரைவிட எவ்வகையில் மேலானது?

ஷைத்தான் இவற்றுள் எந்தப் புழு? தலையில் இருப்பதா, வயிற்றில் இருப்பதா? விடையை அவனே மறுமையில் சொல்வான் என்கிறது திருக்குர்ஆன்: எனக்கு உங்கள்மீது எந்த அதிகாரமும் இருக்கவில்லை, அழைத்தேன், வந்தீர்கள், என்னைப் பழிக்காமல் உங்களையே பழித்துக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் (14:22). இரத்தம்போல் ஓடுபவன் ஊசலாட்டத்தைத்தான் கொண்டுவருகிறான். கையை ஓங்குவது நாம். இதை அவ்வாறே மாணவனுக்குச் சொன்னோம். "அப்போ நான்தான்" என்று முணுமுணுத்து அமர்ந்தான்.

அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், ஸபக் ஒப்புவிக்காத ஒரு பிள்ளையைப் பிரம்பால் அளவு மீறி அடித்துவிட்டோம். கேட்க வந்த தந்தையிடம், "கோபம் வந்துவிட்டது பாய், ஷைத்தான் புகுந்துவிட்டான்" என்றோம். பெரிய மனிதர், ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிச் சென்றார். கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்ற நபிமொழியை அதே வகுப்பில் அதற்கு முந்தைய மாதம்தான் நடத்தியிருந்தோம்.

அந்தப் பிள்ளை மறுநாள் முதல் மதரஸாவுக்கு வரவில்லை. இப்போது பக்கத்து ஊரில் ஒரு கடையில் வேலை பார்ப்பதாகக் கேள்வி. வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் அங்கே செல்ல எண்ணியிருக்கிறோம். கடையில் ஆளிருக்கும்போது கேட்பதா, தனியே அழைத்துக் கேட்பதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை. அடித்தது எல்லோர் முன்னிலையிலும்தான்.