டாக்டருக்கும் துக்கம் உண்டு!

ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளி இறந்துவிடுகிறார். உறவினர்கள் கதறுகிறார்கள். டாக்டர் கண் கலங்கவில்லை. நர்சு போர்வையை இழுத்து மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். "கல் நெஞ்சுக்காரர்கள்!" என்று நாம் சொல்லிவிடுகிறோம்.

அது உண்மையா?

இல்லை என்கிறது, கனடாவில் நடத்தப்பட்டு 2012-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி. லியாட் கிரானெக் என்ற மனோதத்துவ அறிஞரின் குழு, புற்றுநோய் டாக்டர்கள் 20 பேரின் மனதைத் திறக்கச் செய்தது. நோயாளி இறந்தபின் சிலருக்குத் தூக்கம் போயிற்று. சிலர் அழுதார்கள். இன்னும் ஏதாவது செய்திருக்கலாமோ என்ற எண்ணம் சிலரை அரித்தது. ஆனால் வெளியே சொல்லவில்லை. சொன்னால் பலவீனம் என்று பிறர் நினைப்பார்களே!

விழுங்கிய துக்கம் சும்மா இருக்குமா? அடுத்த நோயாளியிடம் அது வேலையைக் காட்டியது. சாகும் நிலையில் உள்ளவரிடம் நெருங்கச் சிலர் தயங்கினார்கள். சிலரோ, "இவரையாவது விடக்கூடாது" என்று கடுமையான மருந்துகளை அளவுக்கு மேல் தொடர்ந்தார்கள். அந்தக் கட்டிலில் படுத்திருப்பது நம் வீட்டுக்காரராக இருக்கலாம்.

காய்ச்சலை அளக்கத் தெர்மாமீட்டர் இருக்கிறது. துக்கத்தை அளக்க? கேள்வித்தாள் இருக்கிறது. அமெரிக்காவில் ஹாலி பிரிகர்சன் குழுவினர் 1995-ல் வெளியிட்ட தாளில் 19 வாசகங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் "ஒருபோதும் இல்லை" முதல் "எப்போதும்" வரை ஒரு பதிலைக் குறிக்கவேண்டும். கூட்டினால் மார்க்கு வரும்.

ஆனால் அது சொந்த பந்தங்களைப் பறிகொடுத்தவர்களுக்காக எழுந்தது. ஒரு மகனுக்குத் தாய் ஒரு முறைதான் இறக்கிறாள். புற்றுநோய் வார்டு நர்சுக்கோ போன மாதம் ஒருவர், இந்த வாரம் ஒருவர்! இதை உணர்ந்து, டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும் என்றே சீனாவில் ஒரு தாளை உருவாக்கினார்கள். அதில் இரண்டு பகுதிகள். ஒன்று, மரணத்தை ஒட்டி வரும் வேதனையை அளக்கிறது. மற்றது, பல மரணங்கள் சேர்ந்து ஆளையே எப்படி மாற்றிவிட்டன என்பதை அளக்கிறது. இதுதான் சரியான அளவு என்பது நம் எண்ணம்.

(கூட்டல் கணக்குப் போட்டால் கண்ணீர் வற்றிவிடுமா என்று கேட்பீர்கள். வற்றாது. யார் தாங்க முடியாமல் தவிக்கிறார் என்பது தெரியும்.)

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோனதன் பார்டெல்ஸ் என்ற ஆண் நர்சு ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். நோயாளி இறந்ததும் எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டுச் சுமார் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பார்கள். காசு செலவில்லை. நம் ஆஸ்பத்திரிகளிலும் செய்யலாம்.

சிலருக்கு அந்த ஒரு நிமிஷம் போதாது. அவர்களைக் கண்டுபிடிக்கத்தான் கேள்வித்தாள். ஆனால் அது மேலதிகாரியின் மேஜைக்குப் போனால், வேலை போய்விடுமோ என்று பயந்து, எல்லாரும் "ஒருபோதும் இல்லை" என்றே எழுதிவிடுவார்கள். தாளைப் பார்ப்பவர் ஒரு மனநல டாக்டராக இருக்கட்டும்; பார்த்ததை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளட்டும்.