நோய்க்கு முன் எடுத்த படம்

கொரோனா கண்டு, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல் வீட்டிலேயே படுத்து எழுந்தவர்களுள் சிலர், வாசனை தெரியவில்லை என்றும், பேசிக்கொண்டிருக்கும்போதே சிந்தனை நழுவிவிடுகிறது என்றும் முறையிட்டபோது, அதை வெறும் மனப்பிரமை என்று ஒதுக்கியவர் உண்டு. அந்த முறையீட்டை அலட்சியம் செய்யலாகாது என்பதற்கு வலுவான ஆதாரம் தந்தது, 2022 மார்ச்சில் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளிவந்த ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி.

நோய்க்குப் பின் மட்டும் ஒருவர் மூளையைப் படம் பிடித்தால், அதில் காணும் குறை புதியதா, முன்பே இருந்ததா என்று நிச்சயிப்பது எந்த நிபுணருக்கும் அரிது. பிரிட்டனிலோ, ‘யூகே பயோபேங்க்’ என்னும் ஸ்தாபனம், இப்படியொரு தொற்றை எவரும் எதிர்பாராத 2014-ஆம் ஆண்டிலேயே, தாமாக முன்வந்த பொதுமக்களின் மூளையை எம்.ஆர்.ஐ. கருவியால் படமெடுத்துச் சேமிக்கத் தொடங்கியிருந்தது. அவர்களுள் 51 முதல் 81 வயது வரையிலான 785 பேரை மறுபடியும் படமெடுத்து, இடைக்காலத்தில் தொற்றுக்கு ஆளான 401 பேரை ஆளாகாத 384 பேரோடு ஒப்பிட்டபோது, வாசனை உணர்ச்சியோடும் ஞாபகத்தோடும் சம்பந்தப்பட்ட பகுதிகளில் தொற்றுக் கண்டவர்களுக்கு மெலிவு அதிகமாயிருந்தது தெரியவந்தது. சராசரியாக 0.2 முதல் 2 சதவீதம் வரையிலான இந்த அதிகப்படி மாற்றம், ஆஸ்பத்திரியில் சேர்ந்த 15 பேரைக் கணக்கிலிருந்து நீக்கிய பிறகும் மறையவில்லை.

இது கூட்டத்தின் சராசரியே தவிர, ஒவ்வொருவருக்கும் எழுதிய விதி அன்று. ஆகையால் பீதிக்கு இதில் இடமில்லை. கிருமி நரம்பு வழியே புகுந்ததா, அழற்சியின் விளைவா, வாசனை உணர்ச்சி நின்றுபோனதால் அப்பகுதிகள் வேலையிழந்து மெலிந்தனவா என்பதையும் அந்த ஆராய்ச்சி தீர்மானிக்கவில்லை. ஆனால் காய்ச்சல் லேசாக இருந்தது என்பதனாலேயே அதன் பின்விளைவும் லேசானது என்று தள்ளிவிடும் வழக்கத்துக்கு இனி நியாயம் இல்லை.

ஆரோக்கியமாயிருப்பவர்களைப் பரிசோதித்துப் பதிவு செய்து பல்லாண்டு பாதுகாப்பதை வீண் செலவு என்று எண்ணும் அரசாங்கங்கள், நோய் வந்தபின் அத்தகைய பதிவை எப்பொருள் கொடுத்தும் வாங்க முடியாது என்பதை உணர வேண்டும். அந்தச் செலவை இன்றே செய்வதுதான் விவேகம். அத்தகைய பதிவு இல்லாத இடங்களில், நோயாளி தன் மறதியைச் சொல்லும்போது வைத்தியர் பொறுமையோடு செவிசாய்ப்பது கடமை.