வழி எங்கிருந்து சொல்வது?

யாழ்ப்பாணத்தில் வழி விசாரிப்போருக்கு நம்மவர் கூறும் விடை இரு வகைப்படும். "இந்த ஒழுங்கையாலை போய் வலப்பக்கம் திரும்புங்கோ" என்பது ஒன்று. "காங்கேசன்துறை வீதியாலை கொக்குவில் சந்திக்கு வாங்கோ; அதிலையிருந்து மேற்கை போங்கோ" என்பது மற்றொன்று. முன்னது கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பின்னது எத்திசையிலிருந்து வருவோர்க்கும் பொது. இவ்வேறுபாட்டைக் கருதாமையால் நேர்ந்த ஓர் இடரை அண்மையிற் கண்டோம்.

வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றின் வாசிகசாலைக்கென மாணவர் ஒருவர் வலைத்தளம் அமைத்தார். 1995 ஒக்டோபர் இறுதியில் நிகழ்ந்த பேரிடப்பெயர்வின்போது அவ்வூரார் கைவிட்டுச் சென்ற குடும்பப் படங்கள் பல. எஞ்சியவற்றைத் தேடிக் கொணர்ந்து கொடுத்தனர். மாணவரின் கணினியில் அவை யாவும் அழகுறத் தோன்றின. தளத்தை இணைய வழங்கியில் ஏற்றிய அன்றோ, ஒன்றேனும் தோன்றவில்லை. கனடாவில் வாழும் மூதாட்டியார் ஒருவர், தம் தாயாரின் முகத்தைக் காணக் காத்திருந்து, வெற்றுச் சட்டத்தையே கண்டார். "அந்தப் படமும் போச்சுதோ தம்பி?" என்று தொலைபேசியிற் கேட்டாராம். மாணவர் கலங்கியவராய் நம்மிடம் வந்தார்.

படங்கள் வழங்கியில் பத்திரமாகவே இருந்தன. வழிதான் தவறியிருந்தது. வலைப்பக்கத்தினுள் பெரும்பாலும் படம் இருப்பதில்லை. அஃது இருக்கும் வழியே எழுதப்பட்டிருக்கும். உலாவி அவ்வழியே சென்று படத்தைக் கேட்கும். அவ்விடத்தில் இல்லையெனில் வழங்கி 404 என்னும் எண்ணை விடையாக அனுப்பும்.

மாணவரின் முதற் பிழை யாதெனில், வழிகளையெல்லாம் சாய்கோட்டில் தொடங்கியமையாகும். அவ்வாறு தொடங்கும் வழி, தளத்தின் தலைவாயிலிலிருந்து எண்ணப்படும். அவர் கணினியில் வாசிகசாலையே தலைவாயிலில் இருந்தது. வழங்கியிலோ வேறொரு தளத்தின் உள்ளே ஒரு கோப்புறையில் அதற்கு இடம் கிடைத்தது. ஆகவே உலாவி பிறர் வீட்டு வாயிலுக்குச் சென்று, அங்கில்லாத படத்தைக் கேட்டுத் திரும்பியது. சாய்கோடின்றி எழுதினால், வழி அப்பக்கம் இருக்கும் கோப்புறையிலிருந்து எண்ணப்படும். ஆயின் உட்கோப்புறையிலுள்ள பக்கத்துக்கு அதே வழி பொருந்தாது. எனவே தளம் குடியிருக்கும் இடத்தை அமைப்புக் கோப்பில் ஒரே ஓரிடத்தில் எழுதி, ஏனைய வழிகளை அதனோடு சேர்த்துக்கொள்வதே நன்று. குடிபெயர்ந்தால் ஒரு வரியைத் திருத்தினாற் போதும்.

இரண்டாவது பிழை எழுத்தில் இருந்தது. படக்கருவி கோப்பின் ஈற்றில் ஆங்கிலப் பேரெழுத்துகளை இட்டிருந்தது. மாணவர் பக்கத்திலே சிற்றெழுத்துகளை எழுதினார். விண்டோஸ் கணினி இவற்றை ஒன்றாகவே கொள்ளும். வழங்கிகள் பலவற்றில் இயங்கும் லினக்ஸோ இரண்டையும் வெவ்வேறு பெயர்களாகக் கருதும்.

மூன்றாவது, தமிழ்ப் பெயர்களில் வரும் சிக்கல். 'கொக்குவில்' என்பதன் முதலெழுத்தை யுனிகோட்டில் இரு விதமாகப் பதியலாம்: ஒகரக் குறியை ஒன்றாக இடுதல் ஒரு முறை, ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்திடுதல் மற்றொரு முறை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, வழங்கிக்கு அவ்வாறன்று. ஆதலின் கோப்புகளுக்கு எண்ணையோ எளிய ஆங்கிலச் சிற்றெழுத்துப் பெயரையோ இட்டு, தமிழ்ப் பெயரைப் படத்தின் கீழ் எழுதுதல் சாலும். 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களுக்கும் இதழ்களுக்கும் தனித்தனி நூலக எண் இட்டிருப்பதை மாணவர் நோக்குக. தலைப்பை எவர் எவ்வாறு எழுதினும் எண் மாறாது.

இன்னொன்று. தளத்தை ஏற்றியபின் அமைத்தவரின் கணினியிலேயே பார்த்து மகிழ்தல் போதாது. அயலவர் ஒருவரின் கைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து பார்த்தல் வேண்டும். நாம் நிற்கும் இடத்திலிருந்தன்றி, வருபவர் நிற்கும் இடத்திலிருந்தே வழியைச் சோதித்தல் முறை.

அன்றிரவே மாணவர் மூன்றையும் திருத்தினார். மறுநாள் மூதாட்டியார் மீண்டும் அழைத்தார். தாயாரைக் கண்டுகொண்டதாகவும், படத்தின் கீழ் அவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்திருப்பதாகவும் கூறினார். அதனையும் திருத்தியாயிற்று.