ஏழு நிமிடம்

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் போகும் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 112 விநாடி. பெரிய வேகம் ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுத்துத் தேர்வில் தேறிய பலர் இங்கேதான் வெளியேறுகிறார்கள். காரணம் சோம்பல் அல்ல, அவசரம். ரிசல்ட் வந்த மறுநாள்தான் ஷூ வாங்குகிறார்கள். முதல் நாளே ஐந்து கிலோமீட்டர். ஒரு வாரத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி, அப்புறம் மாத்திரை...

மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றச் சொல்கிறார்கள். உடம்பு தேறுவதும் ஓடும்போது அல்ல, ஓய்விலும் தூக்கத்திலும்தான். இதை எந்த கோச் சொன்னாலும் பசங்க காதில் ஏறாது! ஜிம்மில் பைசெப்ஸ் ஏற்றினால் கயிறு ஏற உதவலாம்; ஓட்டத்துக்கு ஓடித்தான் ஆக வேண்டும். 'ஸ்கூல்ல நான் ரன்னர்' என்பதும் செல்லாது, விட்டால் சில வாரங்களிலேயே இறங்கிவிடும்.

விண்ணப்பம் போட்ட அன்றே, வாரம் மூன்று நாள், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் தொடங்கினால் போதும். கோச்சிங் சென்டர்களும் மாதிரித் தேர்வு நடத்துகிற அக்கறையில் பாதியை மைதானத்தில் காட்டலாம்.