பழைய துப்பாக்கியும் பாழாப்போன கணக்கும்

பழங்காலத் துப்பாக்கி சேர்க்கிறவன் பாடு இந்தியாவுல திண்டாட்டம்தான் மக்களே. வருஷக்கணக்காத் தேடி நல்லதா ஒண்ணு கண்ணுல பட்டாலும், லைசென்ஸ்ல இடம் இருக்காது!

2019 சட்டத் திருத்தம் ஒருத்தருக்கு 3ங்கிறதை 2 ஆக்கிடுச்சு. தாத்தா சொத்தா வந்ததும் அதுல அடக்கம். மிச்சத்தை ஒரு வருஷத்துல போலீஸ்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைக்கச் சொன்னாங்க. கள்ளத்துப்பாக்கி வெச்சிருக்கிற ரவுடிக்கு லைசென்சே கிடையாது. அவனை இந்தக் கணக்கு என்ன செய்யும்? ஒழுங்கா பேப்பர் காட்டுறவன் தலையிலதான் விடியுது.

இங்கே எண்ணிக்கிட்டிருந்த அதே 2019ல, திப்பு சுல்தானோட துப்பாக்கி இங்கிலாந்துல 60,000 பவுண்டுக்கு ஏலம் போச்சு.

நகைக்கடனுக்கு எத்தனை நகைன்னா எண்ணுறோம்? உரசித் தரம் பார்க்கிறோம்ல? அதே மாதிரி நிபுணரை வெச்சுப் பாருங்கய்யா. வரலாற்றுப் பொருளைத் தனிக் கணக்குல வையுங்க!